படிக்கட்டில் நான்காவது ஆள்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, தபாலில் வந்தது.

திருமலைராயன்பட்டினத்தில் தையல்கடை வைத்திருக்கும் ஜெகபர் சாதிக் என்பவர் சென்ற நவம்பரில் எனக்கு ஓர் இன்லண்ட் லெட்டர் போட்டிருந்தார். நான் மாதம் ஒன்றாக எழுதித் தள்ளும் சண்டை நாவல்களை ஒன்று விடாமல் படிக்கிறவர். பாராட்டு ஒரு வரி இருந்தது. மீதி முழுக்க ஒரே கேள்வி.

"உங்கள் துரைவேலைச் சுற்றிப் பன்னிரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருவன் வந்து அடி வாங்கிக்கொண்டு போகிறான். அப்புறம்தான் அடுத்தவன் வருகிறான். மற்றவர்கள் அதுவரை என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று ஒரு தடவையாவது எழுதுங்கள் சார்."

துரைவேல் என் நாயகன். மூன்றரை வருடமாக, நாற்பத்தொரு நாவல்களில், எவ்வளவு பேர் வந்தாலும் தனியாக நின்று அடித்துத் துவைக்கிறவன். அவனுக்கு ஒரு தடவைகூடச் சட்டை கிழிந்ததில்லை. சென்னையில் என் பதிப்பாளருக்கு அவனைப் பற்றி எந்தச் சந்தேகமும் கிடையாது. எனக்கும் இருந்ததில்லை. சாதிக்குக்கு ஒரு கார்டில், தங்கள் கருத்தைக் கவனத்தில் கொள்கிறேன் என்று எழுதினேன். போஸ்ட் செய்யவில்லை.

ஏனென்றால், மற்றவர்கள் அதுவரை என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நான் அப்படி ஒரு கூட்டத்தில் நின்றிருக்கிறேன். கோட்டுச்சேரி மெயின்ரோட்டில், 1978 ஜூலையில், ஒரு திங்கட்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு, ஒரே ஒரு ஆளை எதிர்த்துப் பதினோரு பேர் போனோம். படிக்கட்டில் ஏறிய வரிசைப்படி நான் நான்காவது.

(இந்த வரியை எழுத எனக்குப் பதினோரு வருடம் ஆகியிருக்கிறது. எழுதிவிட்டுப் பார்த்தால் சின்ன வரியாகத்தான் இருக்கிறது.)

2

மூன்று விதமாக ஆரம்பித்துப் பார்த்தேன்.

முதலாவது: "பேருந்தின் வாசலில் ஒரு மலை நின்றது. அகன்ற மார்பு, முறுக்கேறிய தோள்கள், அனல் கக்கும்"

இதோடு நிறுத்திவிட்டேன். கை பழக்கத்தில் எழுதிவிட்டது. கண்டக்டர் மருதையனின் காக்கிச் சட்டைக்குள் இன்னொரு மருதையன் தாராளமாக நுழையலாம். நாற்பத்தைந்து வயதிருக்கும். குடல்புண்காரர். வண்டி நிற்கிற ஊரில் எல்லாம் மோர் வாங்கிக் குடிப்பார். மூக்குக் கண்ணாடியின் ஒரு காலை நூல் சுற்றிக் கட்டியிருப்பார். அவருடைய தோளைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதுவதற்குக்கூட அதில் சதை இல்லை.

இரண்டாவது: "கூட்டம் என்பது என்ன? தனித்தனியே நல்லவர்களாக இருக்கும் மனிதர்கள் ஒன்றுசேரும்போது"

இது கட்டுரை. உள்ளே போய் ஒளிந்துகொள்ள நல்ல இடம். அதனால் வேண்டாம்.

மூன்றாவது: "என் தங்கை இசபெல்லா அன்று காலை என்னிடம் சொல்லாமல் வீட்டைவிட்டுப் போனாள்."

இதுதான் வலித்தது. இதிலிருந்து தொடங்குகிறேன்.

3

என் தங்கை இசபெல்லா அன்று காலை என்னிடம் சொல்லாமல் வீட்டைவிட்டுப் போனாள். அவளுக்குப் பத்தொன்பது வயது, எனக்கு இருபத்து நான்கு. அப்பா இறந்து வெகு நாளாகியிருந்தது. அம்மா அந்தோணிமேரிக்குத் தன் தம்பி சூசைமுத்து என்ன சொல்கிறாரோ அதுதான் முடிவு. எங்களைப் படிக்க வைத்ததும், புயலில் போன கூரையைத் திரும்பப் போட்டதும், எனக்கு ஜன்னி கண்டபோது தோளில் போட்டுக்கொண்டு காரைக்கால் ஆஸ்பத்திரிக்கு ஓடியதும் அந்த மாமாதான். அவரைக் கெட்டவராக எழுதினால் கதைக்கு வசதியாக இருக்கும். ஆனால் அவர் கெட்டவர் இல்லை.

மாமா இசபெல்லாவுக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்திருந்தார். அரிசி மில் வைத்திருப்பவர், முப்பத்தாறு வயது, சாந்தமான மனிதர். மாதாகோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசித்தும் ஆகிவிட்டது. இன்னும் இரண்டு ஞாயிறு வாசித்தால் கல்யாணம்.

அந்த வாரம்தான் பாண்டிச்சேரியிலிருந்து கடிதம் வந்தது. இசபெல்லாவுக்கு நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்குள் நேரில் வந்து சேராவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

அந்தப் படிப்புக்கு விண்ணப்பம் நிரப்பியவன் நான். பிப்ரவரியில் அவள் கொண்டுவந்து நீட்டினாள். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால் நானே உட்கார்ந்து எழுதி, மாமாவுக்குத் தெரியாமல் தபாலில் சேர்த்தேன். அப்போது அது எனக்கு ஒரு விளையாட்டு. ஓலை வாசித்த பிறகு வந்த கடிதம் விளையாட்டில்லை. இதை மறந்துவிடு, மாமா மனசு கஷ்டப்படும் என்று அவளிடம் சொன்னேன். அவள் சரியென்று தலையாட்டினாள். விஷயம் முடிந்ததென்று நான் நினைத்துக்கொண்டேன்.

அவள் முடித்துக்கொள்ளவில்லை. தகரப் பெட்டியை முதல் நாளே காரைக்காலில் கூடப் படித்தவள் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். திங்கட்கிழமை காலையில் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் காரைக்கால் போய், பஸ் ஸ்டாண்டில் பாண்டிச்சேரி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

அவள் திட்டத்தில் ஒரே ஓட்டை சாலைதான். காரைக்காலிலிருந்து வடக்கே போகிற பஸ் கோட்டுச்சேரி வழியாக, எங்கள் தெருமுனையை ஒட்டித்தான் போக வேண்டும். எங்கள் ஊர் வந்ததும் கீழே விழுந்த எதையோ எடுப்பதுபோல் சீட்டுக்கு அடியில் குனிந்துகொள்வதென்று அவள் முடிவு செய்திருந்தாளாம்.

குனிய வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. அவளைப் பெட்டியோடு ஸ்டாண்டில் பார்த்த ஒருவர், முந்தின வண்டியில் வந்து இறங்கி, டீக்கடையில் மாமாவிடம் சொல்லிவிட்டார். இருபது நிமிஷத்தில் மாமா ஆள் திரட்டினார். மில்லில் மூட்டை தூக்குகிற நாலு பேர், தூரத்துச் சொந்தத்தில் சிலர், டீக்கடையில் சும்மா இருந்தவர்கள், பக்கத்துச் சலூனில் பாதி முகம் சவரம் செய்த நிலையில் துண்டோடு எழுந்து வந்த ஒருவர். கடைசியாக எங்கள் வீட்டுக்கு வந்து என்னைப் பார்த்தார்.

"ஒனக்குத் தெரியுமாடா?"

தெரியாது என்றேன். அது உண்மை. உண்மையாக இருந்ததுதான் என்னைச் சுட்டது. விண்ணப்பம் எழுத நான் வேண்டும், போகும்போது சொல்ல வேண்டாமா? அந்தக் கோபத்தில் சைக்கிளை எடுத்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை.*

* வேறு காரணம் ஒன்று இருந்தது. மாமா என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

4

ஆறு சைக்கிள்களைச் சாலைக்குக் குறுக்கே படுக்க வைத்தோம். பஸ் வந்து நின்றது.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். துரைவேல் கதைகளில் இந்த இடத்தில் நான் காற்றடிக்க விடுவேன், புழுதி கிளம்பும், நாயகன் மெதுவாகத் திரும்புவான். வாசகர் பக்கத்தைத் திருப்புவதற்குள் நாலு பேர் கீழே கிடப்பார்கள். சாதிக்கின் கேள்விக்கு இதுவரை நான் எனக்குள்ளே வைத்திருந்த பதில்களை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் அசிங்கமாக இருக்கும்.

படிக்கிறவர் எப்போதும் ஒருவர்தான். நாவலைக் கூட்டமாக உட்கார்ந்து யாரும் படிப்பதில்லை. அதனால் ஒற்றை ஆளின் பக்கம் சாய்வது அவருக்குச் சுலபம். இது ஒன்று. கூட்டத்துக்குப் பெயர் வைக்க எழுதுகிறவனுக்குச் சோம்பல். பெயரில்லாதவனை அடித்தால் யாருக்கும் வலிக்காது. இது இன்னொன்று. மூன்றாவதாக, ஒரு ஆளைச் சுற்றி ஒரே நேரத்தில் மூன்று நாலு பேருக்கு மேல் நிற்க இடம் கிடையாது. மற்றவர்கள் எல்லோரும் உண்மையில் வேடிக்கைதான் பார்த்தாக வேண்டும்.

மூன்றும் சரிதான். மூன்றும் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தவை. தெருவில் நின்றபோது எனக்குத் தெரிந்தது வேறு. நம் முறை வருவதற்குள் விஷயம் முடிந்துவிடாதா என்று ஒவ்வொருவரும் எதிர்பார்க்கிறார்கள். முன்னால் போகிறவன் முதுகை ஆசையோடு பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மற்றவர்கள் அதுவரை செய்துகொண்டிருப்பது அதுதான், சாதிக் சார்.

5

அது பழைய பிரைவேட் பஸ். முன்வாசல் தாழ்ப்பாள் கெட்டு, கம்பி போட்டு முறுக்கிக் கட்டியிருந்தது. ஏறுவதும் இறங்குவதும் பின்படிக்கட்டில்தான். மூன்று படி. மேல் படிக்கு உள்ளே, இரண்டு பக்கக் கம்பியையும் பிடித்துக்கொண்டு மருதையன் நின்றார். அவருக்குப் பின்னால் இசபெல்லா. அவள் முகம் பாதிதான் தெரிந்தது.

மாமா முதலில் மரியாதையாகத்தான் கேட்டார். எங்க வீட்டுப் பிள்ளை உள்ளே இருக்கிறது, இறக்கி விடுங்கள் என்றார். மருதையன் பின்னால் திரும்பி இசபெல்லாவைக் கேட்டார்.

"எறங்குறியாம்மா?"

"இல்லைங்க."

மருதையன் மாமாவிடம் திரும்பினார். "பாண்டிச்சேரி வரைக்கும் டிக்கெட் எடுத்திருக்காங்க. பாண்டிச்சேரியிலதாங்க நான் எறக்கிவிட முடியும்."

அவ்வளவுதான் சொன்னார். வசனம் ஒன்றும் இல்லை. எத்தனையோ முறை இந்த இடத்தில் அவருக்கு ஒரு நல்ல வசனம் எழுதிப் பார்த்தேன். ஒன்றும் அந்த வாயில் ஒட்டவில்லை.

மாமா இரண்டு படி ஏறி, அவருடைய தோளில் மாட்டியிருந்த டிக்கெட் பையைப் பிடித்து இழுத்தார். வார் அறுந்தது. பையோடு மாமா பின்பக்கமாகச் சாய, கீழே நின்ற இரண்டு பேர் தாங்கிப் பிடித்தார்கள்.

இரண்டாவதாகப் பாதிச் சவரக்காரர் ஏறினார். மருதையன் வாயில் இருந்த விசிலை அவர் காதுக்கு நேராக, மூச்சு உள்ளவரைக்கும் ஊதினார். காதைப் பொத்திக்கொண்டு அவர் இறங்கிவிட்டார். (சிரிக்கலாம். பஸ்ஸுக்குள் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் எங்களை இன்னும் கோபப்படுத்தியது.)

மூன்றாவது தங்கையன். மாப்பிள்ளையின் மில்லில் மூட்டை தூக்குகிறவர், எங்களில் பெரிய உருவம். ஏறியதும் ஒரு அடி அடித்தார், வாயில். கண்ணாடி பறந்து ரோட்டில் விழுந்தது. மருதையனின் உதடு கிழிந்து ரத்தம் சட்டையில் வடிந்தது. கம்பியை மட்டும் அவர் விடவில்லை. திருப்பி அடிக்கவும் இல்லை. தங்கையன் மறுபடி கையை ஓங்கினார். ஓங்கின கை அப்படியே நின்றது. திருப்பி அடிக்காத ஆளை இரண்டாவது தடவை எப்படி அடிப்பதென்று தனக்குத் தெரியவில்லை என்று பிறகு ஒருநாள் என்னிடம் சொன்னார். அன்று, நீங்களே பாத்துக்குங்க என்று முணுமுணுத்துவிட்டு இறங்கினார்.

இறங்கினவர் ஒதுங்கியபோது வரிசையில் முன்னால் நின்றது நான்.

6

நான் இரண்டு படி ஏறினேன். மருதையன் முகம் என் முகத்துக்கு ஒரு சாண் மேலே இருந்தது. கண்ணாடி இல்லாமல் அவருக்கு என்னைச் சரியாகத் தெரிந்திருக்காது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அவர் அக்குளுக்கடியில் இசபெல்லாவின் கண்கள் தெரிந்தன. அவள் என்னை

அப்போது என் மனத்தில் ஒரு

நான் அந்தக் கணத்தில் முடிவு செய்தேன், இனிமேல்

(மூன்று வாக்கியங்களையும் அடிக்கவில்லை. அப்படியே விட்டுவிடுகிறேன். இந்த இடத்தைத் தாண்ட நான் எவ்வளவு நாள் திண்டாடினேன் என்று உங்களுக்குத் தெரியட்டும். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.)

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். மருதையனுக்கு முதுகைக் காட்டி, சாலையைப் பார்த்தபடி.

பின்னால் ஏறக் காத்திருந்தவர்கள் ஏழு பேர். படிக்கட்டின் அகலம் ஒரு ஆள் அகலம். என்னை மிதிக்காமல் யாரும் மேலே போக முடியாது. ஊர் பேர் தெரியாத கண்டக்டரை மிதிக்கத் தயாராக வந்தவர்கள், சூசைமுத்துவின் அக்கா மகனை, சூசைமுத்துவின் கண் முன்னால் மிதிக்கத் தயங்கினார்கள். எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள்.

மாமா டிக்கெட் பையோடு நின்றார். "எந்திரிடா" என்றார்.

நான் எழுந்திருக்கவில்லை.

"எந்திரிடா செல்வம்." இரண்டாவது தடவை குரல் இறங்கியிருந்தது. என் வீட்டுப் பெயரைச் சொல்லி என்னை அவர் அப்படிக் கெஞ்சினதில்லை. நான் அவர் காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நாங்கள் எல்லோரும் பின்பக்கத்திலேயே கண்ணாக இருந்தபோது முன்பக்கத்தில் வேறொன்று நடந்தது. பஸ்ஸில் நாற்பது பேர் இருந்தார்கள். அவர்களும் ஒரு கூட்டம்தான். அவர்களும் அதுவரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்தான். அவர்களில் கோட்டுச்சேரிமேட்டிலிருந்து மீன் கொண்டுபோய்க் காரைக்காலில் விற்கிற காசியம்மா, டிரைவர் பக்கக் கதவு வழியாக இறங்கி, எங்கள் சைக்கிள்களில் ஒன்றைத் தூக்கி, ஓரமாகக் கொண்டுபோய் ஸ்டாண்டு போட்டு நிறுத்தினாள். திரும்பி வந்து இரண்டாவதைத் தூக்கினாள். அவளை யாரும் தடுக்கவில்லை. மூன்றாவதைத் தூக்க இன்னொருவர் இறங்கினார். ஆறாவது சைக்கிள் ஓரத்துக்குப் போனபோது ஏழெட்டுப் பேர் கீழே நின்றிருந்தார்கள்.

அவர்கள் ஏறிக்கொண்டார்கள். மருதையன் ரத்த வாயோடு இரட்டை விசில் கொடுத்தார். பஸ் கிளம்பியது. நான் படியிலேயே இருந்தேன்.

7

ஊர் எல்லை தாண்டினதும் என் தோளில் ஒரு விரல் தட்டியது.

"எதுவரைக்கும் தம்பி?"

கண்டக்டர் கேட்டார். கேட்டதும் அவர் கை தானாக இடுப்புப் பக்கம் போயிற்று. அங்கே பை இல்லை. அது எங்கள் மாமாவிடம் இருந்தது. மருதையன் கிழிந்த உதட்டோடு சிரித்தார். சிரித்ததில் வலித்திருக்க வேண்டும், உடனே வாயைப் பொத்திக்கொண்டார்.

பக்கத்து ஊரான பூவத்தில் இறங்கிக்கொள்கிறேன் என்றேன். அதற்கு மேல் போக எனக்கு என்ன இருந்தது? வண்டி நின்றது. நான் இறங்கியபோது இசபெல்லா ஜன்னலுக்கு வந்தாள். அம்மாகிட்ட நீயே சொல்லிடு அண்ணே என்றாள். பஸ் தரங்கம்பாடிப் பக்கம் போய் மறைந்த பிறகு நடந்தே ஊருக்குத் திரும்பினேன்.

துரைவேலாக இருந்தால் கதை இத்தோடு முடிந்துவிடும். அவன் கதைகளில் யாரும் நடந்து வீட்டுக்குத் திரும்புவதில்லை.

மாமா என்னை அடிக்கவில்லை. இரண்டு வருடம் பேசவில்லை. மறுநாள் அவரே காரைக்கால் ஸ்டாண்டுக்குப் போய், அதே வண்டிக்காகக் காத்திருந்து, மருதையன் கையில் பையைக் கொடுத்தார். அறுந்த வாரைத் தைத்திருந்தார். கல்யாணம் நின்றது. மில்காரர் அடுத்த வருடம் வேறு இடத்தில் கட்டிக்கொண்டார். இன்றைக்கும் என்னைப் பார்த்தால் நின்று நலம் விசாரிப்பார். அம்மா ஒரு வாரம் அழுதாள். எட்டாம் நாள், அங்க சாப்பாடெல்லாம் எப்படின்னு கேட்டு எழுது என்று என்னிடம் ஒரு கார்டை நீட்டினாள்.

இசபெல்லா ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தாள். இப்போது அங்கேயே ஓர் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ்.

8

சாதிக்கின் கடிதம் வந்த பிறகு நான் விசாரிக்கக் கிளம்பினேன். கதாசிரியனாக இல்லை, அந்த நாளைச் சரியாகத் தெரிந்துகொள்ள.

எங்கள் பதினோரு பேரில் ஐந்து பேர் தாங்கள் அங்கே இல்லவே இல்லை என்றார்கள். பாதிச் சவரக்காரர், தான் சலூனிலேயே இருந்ததாகவும் சத்தம் கேட்டுத்தான் வெளியே வந்ததாகவும் சொன்னார். மாமா, மூணு பேரு போய் விசாரிச்சோம் என்றார். ஆனால் தரங்கம்பாடியில் ஒரு டீக்கடையில் இதே கதையை என் காதாலேயே கேட்டேன். அங்கே முப்பது பேர், கையில் அரிவாள், கண்டக்டர் கூரைமேலிருந்து பாய்ந்து அடித்தாராம். இருந்தவர்கள் தங்களைக் கழித்துக்கொள்கிறார்கள், இல்லாதவர்கள் சேர்த்துக்கொண்டே போகிறார்கள். இடையில் ஒற்றை ஆள் மட்டும் வளர்ந்துகொண்டே இருக்கிறார்.

மருதையனைப் போய்ப் பார்த்தேன். வேலையை விட்டுவிட்டு இப்போது காரைக்காலில் சைக்கிள் ஸ்டாண்டு நடத்துகிறார். முன்பல் ஒன்று கட்டுப்பல். என்னை அடையாளம் தெரியவில்லை. யாரென்று நானே சொன்னேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். அத்தனை பேருக்கு எதிரே எப்படி நின்றீர்கள் என்று கேட்டேன்.

"நின்னேன்னு எல்லாரும் சொல்றாங்க. அந்தப் பொண்ணோட தகரப் பெட்டி என் கெண்டைக்காலுக்குப் பின்னால முட்டிக்கிட்டு இருந்துச்சுங்க. பின்னால போக எடம் இருந்திருந்தா போயிருப்பேனோ என்னமோ. சத்தியமா தெரியல."

எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. எங்கள் எல்லோருக்கும் பின்னால் வீட்டுக்குப் போகிற ரோடு இருந்தது, அவருக்குப் பின்னால் ஒரு பெட்டி இருந்தது, ஆகவே அவர் ஜெயித்தார். இதையே முடிவாக வைத்து எழுதி, சரிபார்க்கச் சொல்லி இசபெல்லாவுக்கு அனுப்பினேன்.

அவள் திருப்பி அனுப்பியபோது ஓரத்தில் எழுதியிருந்தாள்: "பெட்டி தானா அங்க வரல அண்ணே. நான்தான் அவரு காலுக்கு அணைவா தள்ளி வச்சேன். ரெண்டு கையாலயும் அவரு முதுகைத் தாங்கிப் பிடிச்சிருந்தேன். இல்லன்னா அந்த மூணாவது ஆளு அடிச்ச அடிக்கு மல்லாந்திருப்பாரு. பெட்டி நகராம இருக்க ஒரு மீன்கார அம்மா காலால முட்டுக் கொடுத்திருந்தாங்க. அப்புறம்தான் அவங்க எறங்கிப் போனது."

அதற்குக் கீழே இன்னொரு வரி. "ஒன்கிட்ட ஏன் சொல்லலைன்னு எழுதியிருக்கே. சொல்லியிருந்தா மாமா கேட்டதும் நீ சொல்லியிருப்பே."

சொல்லியிருப்பேன். அது உண்மை. அந்த வரியையும் இங்கே சேர்த்திருக்கிறேன், பார்த்தீர்களா.

பதினோரு வருடமாக என் கண்ணில் இருந்த படம் ஒரு ஆள். படிக்கட்டின் கீழே நின்று பார்த்ததால் ஒரு ஆள். எதிரே நிற்கிறவனுக்கு எப்போதும் முன்னால் இருக்கிறவர் மட்டும்தான் தெரிவார். அவர் முதுகில் இருக்கிற கை தெரியாது. அந்தக் கைக்குப் பின்னால் இருக்கிற பெட்டியும், பெட்டிக்குப் பின்னால் ஊன்றிய காலும் தெரியாது. நாற்பத்தொரு நாவல்களையும் நான் படிக்கட்டின் கீழே நின்றே எழுதியிருக்கிறேன்.

இதை ஜெகபர் சாதிக்குக்கு எழுதிப் போஸ்டும் செய்துவிட்டேன். அடுத்த துரைவேலில் அந்த முதுகுப் பக்கத்தையும் எழுதிப் பாருங்க, விற்காட்டியும் நான் ஒண்ணு வாங்குறேன் என்று பதில் போட்டிருந்தார்.

9

இப்போது முடிவு. கையில் இரண்டு இருக்கின்றன. இரண்டும் என்னைப் பற்றியவை. அதனால்தான் சிக்கல்.

இசபெல்லா மே மாத விடுமுறைக்கு வருகிறாள். அவள் மகள் அற்புதத்துக்கு ஆறு வயது. அந்தக் குழந்தைக்கு மாமா நான். என் அம்மா அவளுக்கு இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறாள்: மாமா படியில் உட்கார்ந்து அத்தனை பேரையும் தடுத்துவிட்டார் என்று. மாமா வாயாலேயே கேட்க வேண்டுமென்று அந்தக் குழந்தை பிடிவாதமாக இருக்கிறதாம்.

முதல் முடிவு: மாமா தங்கையின் கண்ணைப் பார்த்தார், வழியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

இரண்டாவது முடிவு: மாமாவுக்குக் கால் நடுங்கியது. ரத்தத்தைப் பார்த்ததும் முட்டி மடங்கி, தொப்பென்று விழுந்தார். விழுந்த இடம் படியாக இருந்தது.

எது என்று எனக்குத் தெரியவில்லை. அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. பூவத்தில் இறங்கியபோது என் கால்கள் நிற்க முடியாமல் நடுங்கின. மைல்கல்லைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். அந்த நடுக்கம் கோட்டுச்சேரியிலேயே தொடங்கிவிட்டதா, பிறகு வந்ததா? எத்தனை தடவை மறுபடி அந்தப் படியில் ஏறிப் பார்த்தாலும் அந்த ஒரு நொடி மட்டும் கிடைப்பதில்லை. உட்கார்ந்ததை என் கணக்கில் வைக்கலாமா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. சூசைமுத்து மாமா எழுந்திரு என்று இரண்டு தடவை சொன்னார், நான் எழுந்திருக்கவில்லை. அது மட்டும் நிச்சயம் நான் செய்தது. அதற்குக் கால் தேவைப்படவில்லை.

ஆகவே இதை உங்களிடம் விடுகிறேன். குழந்தைக்கு எதைச் சொல்வது என்று நீங்கள் முடிவு செய்யுங்கள். இரண்டையும் கலந்தும் சொல்லலாம், மூன்றாவதாக ஒன்றைக் கண்டுபிடித்தாலும் எனக்குக் கோபமில்லை. கண்டக்டரைக் கொஞ்சம் உயரமாக்கினாலும் பரவாயில்லை, குழந்தைக்குத்தானே.

ஒன்று மட்டும் செய்யுங்கள். பதினோரு பேருக்கும் பெயர் வைத்துவிடுங்கள். சூசைமுத்து, தங்கையன், செல்வநாதன் என்று நான் மூன்று பேருக்குத்தான் வைத்திருக்கிறேன். மீதி எட்டுப் பேர் இன்னும் பெயரில்லாமல் அந்த வெயிலில் நிற்கிறார்கள். பெயர் வைத்துக் கூப்பிட்டுப் பாருங்கள். அவர்களில் இன்னொருவரும் உட்காரக்கூடும்.